பேப்பர் இல்லாத பொயிலரும் பிள்ளையின்ர தலையிடியும்

போன மாசம் ஒரு அண்ணை நாலு பக்கத்தில கடிதம் எழுதியிருந்தார். பேர், ஊர், வீட்டு விபரம் எல்லாம் மாத்திப் போட்டுத்தான் இங்க சொல்லுறன். கிழக்கு லண்டன்ல அவருக்கு ஒரு பழைய ரெறஸ் வீடு இருக்கு. குடும்பத்தோட வெளியூருக்கு மாறினாப் பிறகு அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். கீழ ஒரு குடும்பம், தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள் (மூத்த பிள்ளை மட்டும் படுக்கிறது மேல), மேல சின்ன அறையில படிக்க வந்த ஒரு பெடியன், குசினியும் பாத்ரூமும் எல்லாருக்கும் பொது. 2023 நவம்பர்ல வீட்டையும் தண்ணியையும் சூடாக்கிற பழைய காஸ் பொயிலர் பழுதாப் போக, மனுசியின்ர தங்கச்சி குடும்பத்தில ஒரு பெடியனைக் கொண்டு புதுசு பூட்டினவர், கையில காசு, பில் இல்லை. அந்தப் பெடியன் பிளம்பிங் கோர்ஸ் முடிச்சவனாம், ஆனா காஸ் வேலை செய்யிற ஆக்கள் பதிய வேண்டிய காஸ் சேஃப்ல பதிவு இல்லை. கவுன்சிலுக்கும் ஒண்டும் அறிவிக்கேல்ல. இப்ப வீட்டை விக்க யோசிக்கிறார். கடிதத்தில இருந்த கேள்வியள் இவைதான்: இப்ப கவுன்சிலுக்குப் போய்ச் சொன்னா பைன் அடிப்பாங்களோ, தெரிஞ்ச ஒருத்தர் 150 பவுணுக்கு வீட்டுப் பக்கமே வராம சேர்ட்டிபிக்கட் எழுதித் தாறன் எண்டுறார் அதை வாங்கலாமோ, வாடகைக்கு இருக்கிற ஆக்களை முதலே எழுப்பி விட்டா நல்லதோ, பூட்டின பெடியனைக் காட்டிக் குடுக்க வேண்டி வருமோ.

நாலாம் பக்கத்தின்ர கடைசியில, வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு வரி. "மூத்த பிள்ளைக்குக் காலமையில தலையிடி எண்டு தாய் சொல்லுறா, தகப்பன் பள்ளிக்கூடம் போகப் பஞ்சி எண்டுறார், சளியாயிருக்கும்."

அண்ணை, நீங்கள் நாலு பக்கம் எழுதினது பைனைப் பற்றி, நான் திரும்பத் திரும்ப வாசிச்சது அந்த ஒரு வரியை. அதோட நீங்கள் அனுப்பின போட்டோவில பொயிலரின்ர புகைக்குழாய் குசினிச் சுவரால வெளிய வந்து நிக்கிற இடத்தில, பின்பக்கம் சாமான் வைக்க எண்டு நீங்கள் அடிச்ச பிளாஸ்ரிக் கூரை அதை அப்படியே மூடிக் கிடக்கு, மூண்டு பக்கமும் பலகை, குழாய் வாயைச் சுத்தி மண்ணிறமாக் கறை. அதுக்கு நேர மேல ஒரு ஜன்னல். அது ஆற்ற அறை எண்டு அண்டைக்கே ஈமெயில் போட்டுக் கேட்டன், மூத்த பிள்ளையின்ர எண்டு சொன்னியள், ஹீற்றர் ரைமர் காலமை 5 மணிக்கு ஓன் ஆகுது எண்டும் சொன்னியள். உடன நிப்பாட்டுங்கோ எண்டு எழுதினன், நிப்பாட்டியாச்சு எண்டு பதிலும் வந்திட்டுது. எண்டாலும் இதே நிலமையில வேற ஆக்களும் இருப்பினம் எண்டதால முதல்ல அதைப் பற்றியே எழுதுறன், சட்டம் பிறகு.

சட்டத்துக்கு முதல் செய்ய வேண்டியது

எங்கட ஆக்கள் கனபேர் நினைக்கிறது, காஸ் லீக் எண்டா மணக்கும்தானே, மணக்காட்டிப் பிரச்சினை இல்லை எண்டு. ஊரில சிலிண்டரோட பழகின பழக்கம். எரியாத காஸ் மணக்கிறது உண்மை, அதுக்கெண்டே மணத்தைக் கலந்து விடுகினம். ஆனா காஸ் சரியா எரியாட்டி, இல்லாட்டி எரிஞ்ச புகை வெளிய போக வழியில்லாட்டி வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தலையிடி, தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி, அசதி, எல்லாம் சளிக்காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வீட்டை விட்டு வெளிய போனா சுகமாகிறது, வீட்டுக்கு வந்தாத் திரும்ப வாறது, ஒரே வீட்டில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில வாறது, இதுகள்தான் கவனிக்க வேண்டியது. அந்தப் பிள்ளைக்கு காலமையில தலையிடி, பள்ளிக்கூடம் போய் இடைவேளைக்குள்ள சுகம், ஆனா சனி ஞாயிறில நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கிறான் எண்டு தாய் சொல்லியிருக்கிறா. பஞ்சிப்படுற பிள்ளைக்கு லீவு நாளிலயும் ஏன் தலையிடி வருது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

நான் டொக்டர் இல்லை, அது காஸ்தான் எண்டு என்னால சொல்லேலாது. ஆனா சந்தேகம் வந்தாலே செய்ய வேண்டியது ஒண்டுதான்: பொயிலரை நிப்பாட்டி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளிய வந்து, 0800 111 999 க்கு அடிக்கிறது. இருபத்து நாலு மணித்தியாலமும் எடுப்பினம், காசில்லை. அவை வந்து ஆபத்தில்லாம ஆக்கிப் போட்டுப் போவினம், திருத்தித் தரமாட்டினம். ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா உடனயே போகச் சொல்லுங்கோ, வெளிக் காத்தைச் சுவாசிக்கச் சுவாசிக்க ரத்தத்தில இருந்து சில மணித்தியாலத்தில அது இறங்கத் தொடங்கிடும், நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டா ரத்தத்தைச் சோதிச்சும் ஒண்டும் தெரியாமப் போகலாம். டொக்டரிட்ட "காஸ் பொயிலர், சந்தேகம்" எண்டு வாயால சொல்ல வேணும், சொல்லாட்டி அவையும் வைரஸ் எண்டுதான் அனுப்புவினம்.

பொயிலர் குசினியில, பிள்ளை படுக்கிறது மேல, எப்பிடிப் போகும் எண்டு கேட்டிருந்தியள். 2006 இல கிரேக்கத்தில கோர்பு தீவுக்கு லீவுக்குப் போன இடத்தில இங்கிலாந்துப் பிள்ளையள் ரெண்டு பேர் இதே காபன் மொனொக்சைட்டால செத்தவை, ஞாபகம் இருக்கும். அவை இருந்த அறைக்குள்ள பொயிலரே இல்லை, அது பக்கத்துச் சின்னக் கட்டிடத்துக்குள்ள இருந்தது.

கவுன்சில்காரர் வந்து பொயிலரைப் பாப்பினம் எண்ட நினைப்பு

உங்கட கடிதம் முழுக்கக் "கவுன்சில் பெர்மிஷன்" எண்டு எழுதியிருக்கிறியள். இங்கிலாந்தில நடைமுறை அப்பிடி இல்லை. காஸ் வேலை ஆர் செய்யலாம் எண்டதை 1998 ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதியள் சொல்லுது, அதின்படி காஸ் சேஃப் ரெஜிஸ்ரரில பதிஞ்ச ஆக்கள் மட்டும்தான் காசுக்கு இந்த வேலை செய்யலாம். 2009 ஏப்ரலுக்கு முதல் கோர்ஜி எண்டு இருந்தது, இப்பவும் எங்கட ஆக்கள் "கோர்ஜி ஆள்" எண்டுதான் சொல்லுறது, அந்தக் கார்ட்டை இப்ப ஆரும் காட்டினா நம்பாதேங்கோ. கோர்ஸ் முடிக்கிறது வேற, பதியிறது வேற. பதிஞ்ச ஆளிட்ட படத்தோட ஒரு மஞ்சள் கார்ட் இருக்கும், பின்பக்கத்தைத் திருப்பினா அவர் என்னென்ன வேலை செய்யலாம் எண்டு இருக்கும், காலாவதித் திகதியும் பாக்கோணும். அந்த நம்பரை காஸ் சேஃப் வெப்சைட்டில போட்டா ஒரு நிமிசத்தில உண்மை தெரியும்.

கவுன்சில் எங்க வருதெண்டா, புதுப் பொயிலர் பூட்டுறது கட்டிட விதியளுக்குக் கீழ அறிவிக்க வேண்டிய வேலை. பதிஞ்ச கொம்பனி பூட்டினா அவையே வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள காஸ் சேஃப் மூலமா அறிவிப்பினம், அது உங்கட கவுன்சில்ல கட்டிட வேலையளைப் பாக்கிற பகுதியான பில்டிங் கொன்ரோலுக்குப் போகும், உங்களுக்கு வீட்டுக்கு ஒரு சேர்ட்டிபிக்கட் தபால்ல வரும். கவுன்சில் ஆள் ஒருத்தரும் வந்து எட்டியும் பாக்க மாட்டினம். பதியாத ஆள் பூட்டினா இந்த வழியே இல்லை. பிறகு வந்த இன்னொரு பதிஞ்ச எஞ்சினியரும் முந்தினவன் செய்த வேலையைத் தன்ர வேலை எண்டு அறிவிக்கேலாது, இதைக் கனபேருக்கு விளங்கப்படுத்துறது பெரிய பாடு.

உங்கட பொயிலரோட வந்த புத்தகத்தின்ர கடைசிப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தியள், நல்ல வேலை. அதில பெஞ்ச்மார்க் எண்டு ஒரு படிவம் இருக்கு, பூட்டினவர் காஸ் பிரஷர் எவ்வளவு, புகையில அளந்தது எவ்வளவு, தன்ர பதிவு நம்பர் என்ன எண்டு நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டியது. உங்கட புத்தகத்தில அந்தப் பக்கம் கடையில வாங்கின மாதிரியே வெள்ளையாக் கிடக்கு.

150 பவுண் சேர்ட்டிபிக்கட்

வேண்டாம் அண்ணை. பொயிலரைப் பாக்காமலே பாத்தன் எண்டு எழுதின கடதாசி அது, காசு குடுத்து வாங்கி அதை ரெனன்றுக்கோ (வாடகைக்கு இருக்கிற ஆளுக்கோ) கவுன்சிலுக்கோ வாங்கிற ஆளின்ர சொலிசிற்றருக்கோ நீட்டினா அந்த நிமிசத்தில நீங்கள் மோசடிக்குள்ள கால் வைக்கிறியள். இதுவரைக்கும் உங்கட பக்கத்தில இருக்கிறது அறியாமையும் கவனக்குறைவும், அதுவே குற்றம்தான், ஆனா கோட்டில விளங்கப்படுத்தலாம். பொய்ப் பேப்பர் கையில இருந்தா விளங்கப்படுத்த ஒண்டுமில்லை. அதோட அந்த வீட்டில நாளைக்கு ஏதும் நடந்தா, முதல் கேள்வி "உங்களுக்குத் தெரியுமோ" எண்டதுதான். அந்தப் பேப்பரே உங்களுக்குத் தெரியும் எண்டதுக்குச் சாட்சி. காஸ் விசயத்தில ஆள் செத்து வீட்டுக்காரர் மறியலுக்குப் போன வழக்குகள் இந்த நாட்டில இருக்கு.

புதுப் பொயிலர்தானே, செக் தேவையில்லை எண்டு நினைச்சது

வாடகை வீட்டில பொயிலர் புதுசோ பழசோ, 12 மாசத்துக்கு ஒருக்கா பதிஞ்ச எஞ்சினியரைக் கொண்டு காஸ் பாதுகாப்புச் சோதனை செய்விக்க வேணும். அந்த ரிப்போர்ட்டின்ர கொப்பியை இருக்கிற ரெனன்றுக்கு 28 நாளுக்குள்ள, புதுசா வாற ஆளுக்குக் குடிவர முதல் குடுக்க வேணும், உங்களிட்டயும் ஆகக் குறைஞ்சது ரெண்டு வருசம் வைச்சிருக்க வேணும். சேர்விஸும் இதுவும் ஒண்டில்லை, காருக்கு சேர்விஸும், வருசா வருசம் செய்யிற எம்ஓடி சோதனையும் மாதிரி. உங்கட வாடகை ஒப்பந்தத்தில "பொயிலர் பராமரிப்பு ரெனன்றின்ர பொறுப்பு" எண்டு ஒரு வரி இருக்கெண்டு பெருமையா எழுதியிருக்கிறியள், அந்த வரிக்குப் பெறுமதி இல்லை. 1985 ஆம் ஆண்டு லான்ட்லோர்ட் அண்ட் ரெனன்ற் சட்டத்தின்ர 11 ஆம் பிரிவின்படி சூடாக்கிற சாமானும் சுடுதண்ணிச் சாமானும் வீட்டுக்காரரின்ர பொறுப்பு, கையெழுத்து வாங்கி மாத்தேலாது.

2022 ஒக்ரோபர் 1 இல இருந்து பொயிலர் இருக்கிற அறையில காபன் மொனொக்சைட் அலாரமும் வாடகை வீட்டில கட்டாயம். இருபது பவுண் சாமான். இல்லாட்டி கவுன்சில் 5,000 பவுண் வரைக்கும் தண்டம் போடலாம். உங்கட வீட்டில அது இருந்திருந்தா இந்தக் கடிதமே வேற மாதிரி வந்திருக்கும். பிறகு அந்தப் பிளாஸ்ரிக் கூரை. அது "காஸ் வேலை" இல்லை, தச்சு வேலைதானே எண்டு நினைப்பியள், ஆனா காஸ் சாமானின்ர பாதுகாப்பைக் கெடுக்கிற மாதிரிக் கட்டிடத்தை மாத்திறதையும் அதே 1998 விதியள் தடுக்குது. பொயிலரைப் பூட்டின பெடியனில முழுப் பழியும் போட வாறவைக்கு இதைச் சொல்லுறன், கூரை அடிச்சது நீங்கள்.

சரி, கவுன்சிலுக்குச் சொல்லுறதோ இல்லையோ

இப்பதான் உங்கட கேள்விக்கு வாறன். உங்களுக்கு மூண்டு வழி தெரியுது எனக்கு.

ஒண்டு, பேசாம இருந்து, விக்கேக்க இன்டெம்னிற்றி இன்சூரன்ஸ் எடுக்கிறது. சேர்ட்டிபிக்கட் இல்லாத பொயிலருக்கு சொலிசிற்றர்மார் இதைச் செய்யிறது வழமை, நானும் செய்து குடுத்திருக்கிறன். ஆனா கவுன்சிலோட ஒருக்காக் கதைச்சிட்டியள் எண்டா பொதுவா அந்த இன்சூரன்ஸ் கிடையாது, அதாலதான் உங்களுக்கு ஆரோ "கவுன்சிலுக்கு வாயே திறக்காதை" எண்டு சொல்லியிருக்கினம், அவர் சொன்னதில அந்தளவு உண்மை இருக்கு. ஆனா அந்த இன்சூரன்ஸ் கவுன்சில் நடவடிக்கை எடுத்தா வாற நட்டத்துக்குத்தான், புகைக்கு இல்லை. வருத்தம் எண்டு பிள்ளை சொல்லுற வீட்டுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டன்.

ரெண்டு, பில்டிங் கொன்ரோலுக்குப் போய் ரெகுலரைசேஷன் கேக்கிறது, அதாவது அறிவிக்காமச் செய்த வேலையைப் பிறகு ஒழுங்காக்கிறது. அதுக்கு ஒவ்வொரு கவுன்சிலும் தன்பாட்டில ஒரு பீஸ் வைச்சிருக்கு, சோதனை ரிப்போர்ட் கேப்பினம், தேவையெண்டா இடிச்சுக் காட்டவும் சொல்லுவினம். பைன் அடிப்பாங்களோ எண்டா, சட்டத்தில அதிகாரம் இருக்கு, பிழையான வேலையைத் திருத்தச் சொல்லி நோட்டீஸ் குடுக்கிற காலத்தையும் 2023 ஒக்ரோபர்ல ஒரு வருசத்தில இருந்து 10 வருசமா நீட்டிப் போட்டினம், உங்கட பொயிலர் அதுக்குப் பிறகு பூட்டினது. ஆனா தானா வந்து சொல்லுற வீட்டுக்காரரை வழக்குப் போட்டு இழுக்கிறதை நான் பாத்தது குறைவு.

மூண்டாவது, எனக்குப் பிடிச்சது. முதல்ல பதிஞ்ச எஞ்சினியர் ஒருத்தரைக் கூப்பிட்டு உண்மையான ரிப்போர்ட் எடுங்கோ. "உடனடி ஆபத்து" எண்டு எழுதி காஸைத் துண்டிச்சுச் சிவப்பு லேபல் ஒட்டுவார் எண்டுதான் நான் எதிர்பாக்கிறன், அதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, அதைப் பிடுங்காதேங்கோ. எப்பிடியும் புகைக்குழாயை வேற இடத்துக்கு மாத்த வேணும், கூரையைக் கழட்ட வேணும். அப்பிடியெண்டா பதிஞ்ச கொம்பனியைக் கொண்டு எல்லாத்தையும் ஒழுங்காப் புதுசாப் பூட்டுவிச்சா, அந்தப் புது வேலைக்கு அவையே அறிவிப்பினம், அதுக்குச் சேர்ட்டிபிக்கட் வரும், வாங்கிற ஆளுக்குக் காட்ட அது காணும். சில ஆயிரம் பவுண் போகும், ஓம். மலிவாச் செய்யப் போய் ரெண்டு தரம் செலவு, அதுக்கு நான் என்ன சொல்ல.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்டை நீங்கள் கேக்கவே இல்லை. ஒரு குடும்பத்தில நாலு பேர், மேல ஒரு பெடியன், மொத்தம் அஞ்சு பேர், ரெண்டு வீட்டார், பொதுக் குசினி. 2018 ஒக்ரோபர்ல இருந்து இங்கிலாந்து முழுக்க இது லைசன்ஸ் கட்டாயமா எடுக்க வேண்டிய எச்எம்ஓ, அதாவது ஒண்டுக்கு மேற்பட்ட வீட்டார் குசினி பாத்ரூமைப் பொதுவாப் பாவிச்சு இருக்கிற வீடு. எடுத்ததா உங்கட கடிதத்தில ஒரு சொல்லும் இல்லை. கவுன்சில் காஸ் பேப்பரை உண்மையாக் கேக்கிற இடம் பில்டிங் கொன்ரோல் இல்லை, இந்த லைசன்சிங் பகுதிதான், லைசன்ஸ் எடுத்தா வருசா வருசம் காஸ் சேர்ட்டிபிக்கட் குடுக்கிறது சட்டத்திலேயே உள்ள நிபந்தனை. லண்டன்ல சில கவுன்சில்ல ஒரேயொரு குடும்பத்துக்கு விட்டாலும் லைசன்ஸ் வேணும், நியூஹாம் 2013 இலேயே தொடங்கினது. லைசன்ஸ் இல்லாம நடத்தினாத் தண்டம் 30,000 பவுண் வரைக்கும் எண்டு இருந்ததைப் புது ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டம் 40,000 ஆக்கிப் போட்டுது, ரெனன்ற் தாங்கள் கட்டின வாடகையைத் திருப்பிக் கேக்கலாம், அதுவும் ரெண்டு வருச வாடகை வரைக்கும். இதுக்கு ஒரு ஹவுசிங் சொலிசிற்றரை நேர போய்ச் சந்தியுங்கோ, கவுன்சிலுக்கு போன் அடிக்க முதல். எனக்கு எழுதின கடிதத்துக்கு ரகசியப் பாதுகாப்புச் சட்டப்படி இல்லை, உங்கட சொந்த சொலிசிற்றரோட கதைக்கிறதுக்கு இருக்கு.

ஆக்களை எழுப்பிறது

2026 மே 1 இல இருந்து காரணம் சொல்லாம எழுப்பிற செக்சன் 21 இங்கிலாந்தில இல்லை. விக்கிறதுக்கெண்டு எழுப்பலாம், அதுக்குத் தனிக் காரணம் சட்டத்தில இருக்கு, 4 மாச நோட்டீஸ், குடிவந்து முதல் 12 மாசத்துக்குள்ள ஏலாது. ஆனா பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு தாய் சொல்லிப் போட்டு இருக்கேக்க அடுத்த கிழமை நோட்டீஸ் குடுத்தா நீதவானுக்கு அது எப்பிடித் தெரியும்? பொயிலர் முதல்.

அந்தப் பெடியன்

சொந்தம், கலியாண வீடு சாவீடு எண்டு முகத்தில முழிக்க வேணும், விளங்குது. உங்கட எஞ்சினியர் ஆபத்தான வேலை எண்டு கண்டா அதை மேல அறிவிக்க வேண்டிய கடமை அவருக்கு இருக்கு, அதை நீங்கள் மறிக்கேலாது, மறிக்கவும் கூடாது. ஆனா அவன் இன்னும் எத்தினை வீட்டில பூட்டியிருக்கிறான் எண்டு அவனிட்டக் கேளுங்கோ. உங்கட கடிதத்தில "எங்கட ஆக்களுக்கு எல்லாம் அவன்தான்" எண்டு ஒரு இடத்தில வருது, அந்த வீடுகளிலயும் பிள்ளையள் இருக்கும். அவன் தானே அந்த வீட்டுக்காரருக்கெல்லாம் போன் அடிச்சு, பதிஞ்ச ஆளைக் கொண்டு பாக்கச் சொல்லட்டும், ஒரு கிழமைக்குள்ள அவன் செய்யாட்டி நீங்கள் காஸ் சேஃப்புக்கு அறிவியுங்கோ, சட்டவிரோத வேலையைப் பற்றி அவை விசாரிப்பினம். மனுசி கோவிப்பா எண்டு எழுதியிருக்கிறியள். கோவிக்கட்டும்.

கடைசியா ரெனன்றுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு திணறாதேங்கோ. "பொயிலரில ஆபத்து இருக்கலாம் எண்டு சந்தேகம், நிப்பாட்டியாச்சு, பிள்ளையை டொக்டரிட்டக் காட்டுங்கோ, இன்ன திகதிக்கு பதிஞ்ச எஞ்சினியர் வாறார்" எண்டு வாயாலயும் சொல்லி ரெக்ஸ்ட்டும் போடுங்கோ. பொயிலர் இல்லாத நாளுக்கு எண்ணெய் நிரப்பின கரண்ட் ஹீற்றர் ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஒண்டு வாங்கிக் குடுங்கோ, காஸ் சிலிண்டர் ஹீற்றர் குடுத்திடாதேங்கோ. கரண்ட் பில்லில மேலதிகமா வாறதை வாடகையில கழிச்சு விடுங்கோ, அதையும் எழுத்தில.